எழுபது டிகிரி நெய்ச்சோறு

“அந்தப் பொஸ்தகத்துல நெய்ச்சோத்தப் பத்தி எதும் போட்டிருக்கா மைனி?” என்று ஆசியா உம்மாள் கேட்டாள்.

“அது சமையல் புத்தகம் இல்ல, ஆசியா. ஆராய்ச்சி.”

“அதான் கேக்கேன். சஹன்ல விழப்போறது ஆராய்ச்சி இல்லல்லா? சோறுதான?”

ஆசியா என் தம்பி நூர்முகம்மதுவின் மனைவி. எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் மகளிர் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தித் தொண்ணூற்று நாலில் ஓய்வு பெற்றவள். எனவே எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பதில் அன்றைக்கு எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

தம்பிக்குப் பேட்டையில் ஒரு பட்டறை இருக்கிறது. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று வளரும். அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் நிறத்தை ஏற்றி, வெந்நீரில் வைத்துத் துளையை அடைத்துவிட்டால் நிறம் அப்படியே நிற்கும். அனோடைசிங் என்பார்கள். எங்கள் ஊரில் தங்க அலுமினியம் என்றால்தான் புரியும். சன்னல் சட்டம், டாக்டர் வீட்டுப் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட விளையாட்டு விழாக் கேடயம் என்று இருபது வருடம் ஓட்டிவிட்டான். மகள் முஃபீதாவுக்கு ஏர்வாடியில் மாப்பிள்ளை முடிவானதும் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. கல்யாணத்துக்கு வாடகைச் சஹன் வேண்டாம். தன் தொட்டியில் முக்கி எடுத்த தங்க நிறச் சஹனில்தான் சம்பந்தி வீட்டாருக்குச் சோறு போட வேண்டும்.

மேலப்பாளையத்துக் கல்யாணத்தில் இலை போடுவது கிடையாது. அகலமான சஹனில் நெய்ச்சோற்றைக் குவித்துவைத்தால் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். பெண்ணை எத்தனை பேர் பார்ப்பார்களோ தெரியாது, சஹனை எல்லோரும் பார்ப்பார்கள்.

“சூடு தாங்குமா லாத்தா?” என்று தம்பி என்னிடம் வந்து நின்றான். “சன்னலுன்னா சும்மா நிக்கும். இது சோறுல்லா?”

இந்தக் கேள்விக்காக நான் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அமிலத் தொட்டிகளில் உருவான அலுமினிய ஆக்சைடு படலங்களின் வெப்ப நடத்தை. இது என் எம்.பில். ஆய்வேட்டின் தலைப்பு. பச்சை ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து, பீரோவில் பட்டுச் சேலைக்குக் கீழே பாச்சை உருண்டையோடு வாசம். அதை இதுவரை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர்: நானும், எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் சுந்தர்ராமனும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னுரையில் ஓர் எழுத்துப்பிழையைக் காட்டினார், ஆகவே அவரை முக்கால் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏட்டை எடுத்துவந்து தம்பிக்கு வரைபடத்தைக் காட்டினேன்.

“பாரு. கந்தக அமிலத்துல வளந்த படலம். இருநூறு முன்னூறு டிகிரியில ஈரம் போகும். அதுக்குப் பொறவு அசையாம உக்காந்திருக்கும். தொள்ளாயிரத்துக்கு மேலதான் கந்தகப் புகைய விட்டுட்டுப் படிகமா மாறும். உருகணும்னா ரெண்டாயிரத்தைத் தாண்டணும்.”

“அப்போ நூறுல?”

“நூறா? நூறு டிகிரியில அதுக்கு வேர்க்கக்கூடச் செய்யாதுப்பா!”

தம்பி தலையைச் சொறிந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் இடம் கொடுக்கவில்லை.

“இன்னொண்ணும் செய்யி. தொட்டியச் சுத்தி ஐஸ் பாளம் அடுக்கு. குளுந்த அமிலத்துல வளந்தா படலம் கெட்டியா இருக்கும். நேரத்தையும் ரெண்டு மடங்கா வையி. தடிமனா வரட்டும்.”

“ஐஸா லாத்தா?”

“ஐஸ்தான்.”

“நீங்க சொன்னாச் சரி” என்று போய்விட்டான். அப்போதுதான் ஆசியா நெய்ச்சோற்றைப் பற்றிக் கேட்டது. கடைசியாக, “ஒரு சஹன்ல சுடச்சுடக் கொட்டித்தான் பாத்துருவோமே” என்றும் சொன்னாள்.

“அளந்து எழுதுனதைக் கொட்டிப் பாக்கணுமாக்கும்!” என்றேன் நான்.

ஐம்பது சஹனும், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றும் வந்து இறங்கின. உண்மையிலேயே அழகு. வாசலில் அடுக்கியபோது தெருவே மஞ்சளாக மின்னியது. தம்பி ஒவ்வொன்றையும் வேட்டி முனையால் துடைத்துத் துடைத்து வைத்தான். “எங்க லாத்தா ஆராய்ச்சி பண்ணின முறையில செஞ்சது” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். நானும் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் எனக்கு அந்தக் காலத்தில் நன்றாக வரும்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு காலையில் ஆசியா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கையில் ஒரு சஹன்.

“மைனி, திட்டாதீய. கொட்டிப் பாத்துட்டேன்.”

வாங்கிப் பார்த்தேன். சஹனின் நடுவில், சோறு விழுந்த வட்டத்தில், முடியிழை போல நூற்றுக்கணக்கான கீறல்கள். சிலந்தி வலை பின்னியதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக.

“தேய்ச்சியா?”

“தேங்கா நாருகூடப் படல. சோத்தைக் கொட்டுனேன், எடுத்தேன், கழுவுனேன். அவ்வளவுதான்.”

“பட்டறையில வெந்நியில வச்சு எடுக்கானே, அப்பக் கீறலியே?”

“அங்கன மொத்தமாப் பைய பையச் சூடாவுது. இங்கன நடுவுல மட்டும் தபக்குன்னு விழுது. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும். நீங்கதான் சொல்லணும்.”

நான் ஏட்டைப் புரட்டினேன். எண்பத்தேழு பக்கத்தையும் புரட்டினேன். கடைசியில் பதினாலாம் பக்கத்தில் என் எழுத்திலேயே என் தலையெழுத்து கிடைத்தது. ‘சோதனைக்கு முன் படலம் பாதரச உப்புக் கரைசலில் உலோகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.’

பேராசிரியர் அன்று சொன்னது காதிலேயே கேட்டது. “அலுமினியம் அறுநூத்தி அறுபதுல உருகிப்போகும்மா. உனக்கு ஆயிரம் வரைக்கும் போகணும். அதனால உலோகத்தைக் கழட்டிரு, தோலை மட்டும் வச்சுக்கோ.” கழற்றிவிட்டேன். தோலைத் தனியாகச் சூடாக்கி, தனியாக எடைபோட்டு, தனியாகப் பாராட்டினேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் தலாக் சொல்லிப் பிரித்துவைத்துவிட்டு, இவர்கள் சண்டையே போடுவதில்லை என்று எண்பத்தேழு பக்கம் எழுதியிருக்கிறேன்.

“என்ன மைனி, மொகம் ஒரு மாதிரியாப் போச்சு?”

“ஆசியா, சூடு பட்டா அலுமினியம் விரியும். மேல இருக்க தோலு அதுல அஞ்சுல ஒரு பங்குகூட விரியாது. கீழ இருக்கவன் இழுக்கான், மேல இருக்கவளால வர முடியல. அதான் கீறுது.”

“இது அந்தப் பொஸ்தகத்துல இருக்கா?”

“இல்ல.”

“பொறவு அதுல என்னதான் இருக்கு?”

“தோலு மட்டும்தான் இருக்கு.”

ஆசியா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “சரி, இன்னும் நாலு நாளு கெடக்கு. பழைய தாமிரச் சஹனு அம்பது வாடகைக்குச் சொல்லிருவோம். அவுககிட்ட நான் சொல்லுதேன்” என்றாள்.

“வேண்டாம்!”

“ஏன்?”

“தம்பி ஏன்னு கேப்பான்.”

“கேக்கட்டும்.”

“ஊரெல்லாம் சொல்லிட்டான், ஆசியா. எங்க லாத்தா, எங்க லாத்தான்னு. கல்யாணத்துக்கு முந்தி அவனுக்கு இந்தச் சங்கடம் வேண்டாம்.”

தம்பியின் சங்கடத்தைப் பற்றித்தான் பேசினேன் என்று அந்த நேரத்தில் நானே நம்பினேன். ஆசியா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்போ என்ன செய்யப்போறீய?” என்றாள்.

அன்று மத்தியானம் அடுப்படியில் அதே சஹனின் ஓரத்தில் கீறாத இடமாகப் பார்த்து வெவ்வேறு சூட்டில் சோற்றை வைத்து வைத்துப் பார்த்தேன். தொண்ணூறில் கீறியது. எண்பத்தைந்தில் இரண்டு இழை. எழுபத்தைந்தில் ஒன்றும் இல்லை. எதற்கும் ஐந்து குறைத்து, எழுபது என்று முடிவு செய்தேன். ஓர் ஆராய்ச்சியாளர் வேறென்ன செய்வார்? சோற்றை ஆற்றிப்போட்டால் போதும். சஹன் தப்பும். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணத்தன்று பதினொரு மணிக்கு நிக்காஹ் முடிந்தது. ஏர்வாடியிலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வந்திருந்தார்கள். தெருப் பந்தலில் ஆண்களுக்குப் பந்தி. பந்தலுக்குப் பின்னால் படுதா கட்டிச் சமையல் கொட்டகை. நான் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆய்வக வெப்பமானியோடு கொட்டகைக்குள் போனேன். பண்டாரி மதார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“டீச்சர், என்னது அது?”

“வெப்பமானி.”

“சோத்துக்குக் காய்ச்சலா?”

“விளையாடாதீரும். எழுபதுக்கு எறங்கின பொறவுதான் சஹன்ல போடணும்.”

“இப்ப எவ்வளவு?”

“தொண்ணூத்தி மூணு.”

“தொண்ணூத்தெட்டுதான டீச்சர் நல்ல ஒடம்புக்கு? நம்ம சோறு அஞ்சு கொறைச்சலால்லா இருக்கு!”

“அது வேற அளவு, இது வேற அளவு. சோத்தைப் பாயில விரிச்சுப் போடும். ரெண்டு ஃபேனையும் இங்கன திருப்பும்.”

“நாப்பது வருசமாப் பண்டாரியா இருக்கேன். உப்புக் கூடிப்போச்சுன்னு சொன்ன வீடு உண்டு, கறி வேகலன்னு சொன்ன வீடு உண்டு. சோறு சுடுதுன்னு சொன்ன மொத வீடு இதுதான்.”

“சொன்னதைச் செய்யும், மதார்.”

மதாரின் இரண்டு பேத்திகளும் என்னிடம் படித்தவர்கள். அந்த மரியாதைக்காகச் செய்தார். புதுப் பாயில் வெள்ளைத் துணி விரித்து, சோற்றை மலைபோல் கொட்டி, இரண்டு பக்கமும் ஃபேன் வைத்தார்கள். நான் மலையின் நடுவில் வெப்பமானியைச் செருகிக்கொண்டு நின்றேன். எண்பத்தெட்டு. எண்பத்து நாலு. எழுபத்தொன்பது. பந்தலில் ஆட்கள் உட்கார்ந்து, கை கழுவி, ஸலவாத்து ஓதி, பேச்செல்லாம் தீர்ந்து, தொண்டையைச் செருமத் தொடங்கிவிட்டார்கள்.

“டீச்சர், ஆளு பசியில கெடக்கு.”

“எழுபத்தி நாலு.”

“டீச்சர்!”

“எழுபது. போடும்!”

சஹன்கள் ஒவ்வொன்றாகப் படுதாவைத் தாண்டிப் போயின. ஒன்றிலும் கீறல் இல்லை. தங்கம்போலப் போயின. நான் படுதா ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சஹனில் மாப்பிள்ளையின் வாப்பா ஹசன் அலி உட்கார்ந்திருந்தார். ஏர்வாடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். பிஸ்மி சொல்லி, ஓரத்தில் இருந்த சோற்றை அள்ளினார். அள்ளிய கை அப்படியே நின்றது. விரலில் நெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அளந்தது மலையின் நடு வயிற்றில். ஃபேன் காற்று அடித்துக்கொண்டிருந்தது மேலேயும் ஓரத்திலும். நடுவில் எழுபது என்றால் ஓரத்தில் முப்பத்தைந்துகூட இருக்காது. உலோகத்தைக் கழற்றிவிட்டுத் தோலை அளந்தவள், இந்தத் தடவை தோலை விட்டுவிட்டு வயிற்றை அளந்துவிட்டேன்.

“சம்மந்தி” என்றார் ஹசன் அலி.

“சொல்லுங்க சம்மந்தி” என்று தம்பி ஓடினான்.

“நாங்க வாரதுக்கு ரொம்பப் பிந்திட்டமோ?”

“இல்லியே! சரியான நேரத்துக்குத்தான வந்தீய?”

“இல்ல, சோறு நேத்தே எங்களத் தேடியிருக்கும்போல. அதான் கேட்டேன்.”

பக்கத்துச் சஹனில் ஒருவர் கையை எடுத்தார். அதற்கடுத்ததில் இரண்டு பேர். ஒரே தட்டில் நாலு பேர் சாப்பிடும் ஊரில் ஒருவர் கையை எடுத்தால் மற்ற மூன்று பேரும் எடுத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க இருநூறு வலது கைகள் சும்மா அந்தரத்தில் நின்றன.

தம்பி சஹனில் விரலை வைத்துப் பார்த்தான். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“மதார், என்ன வே இது? எம் மவ கல்யாணத்துல ஆறின சோறா? உம்மள நம்பித்தான வே விட்டேன்?”

மதார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, “தப்புத்தான் அண்ணாச்சி” என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் சஹனும் தப்பும், ஆராய்ச்சியும் தப்பும். மதாரும் தம்பியும்தான் தப்பமாட்டார்கள். கொட்டகை மூலையில் ஆசியா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஏதாவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசி இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருப்பேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தலுக்குள் போனேன். கையில் வெப்பமானி இருந்ததை அங்கே போன பிறகுதான் பார்த்தேன்.

“மதார் பேர்ல தப்பு இல்ல. எந் தம்பி பேர்லயும் இல்ல. சோத்தை ஆறவச்சது நான்” என்றேன்.

“நீங்க யாரும்மா?” என்றார் ஹசன் அலி.

“பொண்ணோட மாமி. அவ வாப்பாவுக்கு லாத்தா. கமர் நிஷா.”

“அந்தப் படிச்ச மாமியா?”

“ஆமா. அந்தப் படிச்ச மாமிதான்.”

“எதுக்கு ஆறவச்சீய?”

“சோறு சுடச்சுட விழுந்தா இந்தச் சஹன்ல கீறல் விழும். சூடு தாங்கும்னு தம்பிக்கு நான்தான் சொன்னேன். தாங்காதுன்னு நாலு நாளைக்கு முந்தித்தான் தெரிஞ்சது. சொல்ல வெக்கப்பட்டு மறைச்சுட்டேன்.”

 ஹசன் அலி சஹனைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

“கீறினா, சோத்துல எதும் உதிருமா?”

“உதிராது. கீறும், உரியாது.”

“வயித்துக்குக் கெடுதலா?”

“இல்ல.”

“ருசி மாறுமா?”

“மாறாது.”

“பொறவு எதுக்கும்மா எங்களப் பட்டினி போட்டீய?”

என் வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். இப்படி ஒரு கேள்வி அதில் வரவே இல்லை. 

“பண்டாரி! அடுப்புல மிச்சம் கெடக்கா?” என்று அவரே குரல் கொடுத்தார்.

“ரெண்டு சட்டி தம்முல இருக்கு மொதலாளி. டீச்சருக்குத் தெரியாம வச்சிருந்தேன்” என்றார் மதார்.

சிரிப்பு முதலில் ஏர்வாடிப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. பிறகு எங்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. ஆவி பறக்கப் பறக்கச் சோறு வந்தது. ஆறியதை வழித்தெடுத்துவிட்டு, அதே சஹன்களில் குவித்தார்கள். ஐம்பது சஹனும் என் கண்ணெதிரே கீறிக்கொண்டிருந்தன. ஆனால் சோறு மூடியிருந்ததால் எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ஒரு கிழவர் என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், சோத்துல ஊத்துத ஆணத்துக்கு எத்தன டிகிரி வேணும்?” என்றார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வேன்கள் கிளம்பிவிட்டன. முஃபீதா போய்விட்டாள். கொல்லையில் கழுவிய சஹன்களைத் தம்பி ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் எல்லாவற்றிலும் வலை. நான் கிணற்றடியில் நின்றேன்.

“திட்டிரு” என்றேன்.

“எதுக்கு?”

“எல்லாம் கீறிட்டுல்லா?”

“கீறும்னு எனக்குத் தெரியும் லாத்தா.”

“என்னது?”

“ஜங்ஷன் பேக்கரிக்கு ஒரு வெலைப் பலகை செஞ்சு கொடுத்தேன். அடுப்புக்கு மேல மாட்டுனாரு. ஒரே வாரத்துல இதே மாதிரிதான். இருவது வருசமாப் பாக்கேன்.”

“பொறவு ஏம்ப்பா எங்கிட்ட வந்து கேட்ட?”

“ஏன்னு தெரியாமத்தான் கேட்டேன். நீங்க தொள்ளாயிரங்கீய, ரெண்டாயிரங்கீய, படமெல்லாம் காட்டுதீய. அப்போ நான் பாத்ததுதான் தப்போன்னு நெனச்சேன். பலகை கீறுனதுகூட என் வேலைக் கோளாறாக்கும்னு விட்டுட்டேன்.”

 கவிழ்த்துவைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்தேன்.

“ஐஸ் வைக்கச் சொன்னனே, அதுக்கும் எதும் நெனச்சியா?”

“அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். சித்திரை வெயில்ல தொட்டி கொஞ்சம் சூடா இருக்கும்போது செஞ்ச சரக்கு அவ்வளவாக் கீறாது. மார்கழியில செஞ்சதுதான் சீக்கிரம் கீறும். வளைச்ச மூலையிலதான் மொதல்ல விழும்.” சஹனைக் கீழே வைத்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனாக என்னைப் பார்த்தான். “அது ஏன் லாத்தா அப்படி?”

ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. கெட்டி, அடர்த்தி, துளை என்று அழகாக அடுக்கலாம். ஆனால் அதில் ஒன்றையும் நான் உலோகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன்.

அடுப்படி வாசலில் தேயிலைத் தண்ணீரோடு வந்த ஆசியா நின்றுவிட்டாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க மைனி” என்றாள். “அவுக சரியாக் கேட்டிருக்க மாட்டாக.”

சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபமாகத்தான் வந்தது.